மாவட்ட அரசு வழக்கறிஞரின் வேலையை எண்களை வைத்து எடைபோடுவது எப்படி?

ஒரு கொலை வழக்கில் எல்லோரும் விடுதலையானால் அரசு வழக்கறிஞரை (பப்ளிக் பிராசிக்யூட்டர், சுருக்கமாக பி.பி.) பற்றி மறுநாளே டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும்: "பி.பி. கேஸைக் கோட்டை விட்டுட்டாரு." ஆண்டு இறுதியில் மாவட்டத்தின் தண்டனை விகிதம் ஏறியதாகச் செய்தி வந்தால் அதே பி.பி.க்குப் பாராட்டு. இரண்டு முடிவுக்கும் பெரும்பாலும் ஆதாரம் இருக்காது. ஆதாரம் கிடைக்காத பொருளும் இல்லை. நீதிமன்ற விவரங்களில் பெரும்பகுதி இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறது. மீதியைப் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டிய மனுவில் கேட்டு வாங்கலாம்.

உள்ளூர்ச் செய்தியாளர், சட்டக் கல்லூரி மாணவர், பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாக நிற்கும் அமைப்பினர் ஆகியோரை மனத்தில் வைத்து, தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு முறையைச் சொல்கிறோம். ஒரு கணினி, ஒரு எக்செல் தாள், மாலை நேரங்களில் இரண்டு மூன்று மாத உழைப்பு இருந்தால் போதும்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

"மாவட்ட அரசு வழக்கறிஞர்" என்று பேச்சில் சொன்னாலும் அது ஒரே ஆள் இல்லை. அமர்வு நீதிமன்றங்களில் அரசு வழக்கறிஞரும் கூடுதல் அரசு வழக்கறிஞர்களும் ஆஜராகிறார்கள். இவர்கள் குறைந்தது 7 ஆண்டுகள் தொழில் செய்த வழக்கறிஞர்கள். மாவட்ட நீதிபதியைக் கலந்து ஆட்சியர் தயாரிக்கும் பட்டியலிலிருந்து அரசு நியமிக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 24, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 18 இதைச் சொல்கிறது. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில், அதாவது ஜே.எம். கோர்ட்டுகளில், இருப்பவர்கள் உதவி அரசு வழக்கறிஞர்கள், அதாவது ஏ.பி.பி.க்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வெழுதி வந்த நிரந்தர ஊழியர்கள் இவர்கள். குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் கீழ் வேலை செய்கிறார்கள். போக்சோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்றவற்றுக்குச் சிறப்பு அரசு வழக்கறிஞர்கள் தனி.

இந்த வேறுபாடு கணக்கை நேரடியாகப் பாதிக்கும். ஆட்சி மாறினால் அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞர்கள் மாறுவது வழக்கம், ஏ.பி.பி.க்கள் பணியிட மாறுதலில் மட்டும் மாறுவார்கள். ஒரு தீர்ப்பு வந்த நாளில் நாற்காலியில் இருந்தவர் வேறு, சாட்சிகளை விசாரித்தவர் வேறு என்பது சாதாரணமாக நடக்கும். ஆகவே முதல் வேலையாக ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் பெயர், பொறுப்பேற்ற நாள், விலகிய நாள். பக்கத்தில் நீதிபதி மாறிய நாள்களையும் எழுதுங்கள். பின்னால் ஒரு எண் திடீரென ஏறியோ இறங்கியோ தெரியும்போது, காரணம் பல நேரம் இந்தத் தாளிலேயே கிடைக்கும். ஒரு வழக்கு யார் கணக்கில் சேரும் என்ற கேள்விக்கு, அரசு தரப்புச் சாட்சிகளில் பாதிக்கு மேல் விசாரித்தவர் கணக்கில் என்று ஒரே விதி வைத்துக்கொண்டு, கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

அவர் கையில் இருப்பதும் இல்லாததும்

ஊரில் திருட்டு கூடினால் அதற்கு அரசு வழக்கறிஞர் பொறுப்பில்லை. எஃப்.ஐ.ஆர். போடுவது காவல் நிலையம். புலனாய்வும் குற்றப்பத்திரிகையும் காவல் துறையின் வேலை. 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாமல் குற்றம்சாட்டப்பட்டவர் தானாகவே ஜாமீன் பெற்றால், அந்தத் தவறைத் தேட வேண்டிய இடம் புலனாய்வு அதிகாரியின் மேசை. நீதிபதி பணியிடம் காலியாக இருப்பது, தடய அறிவியல் ஆய்வறிக்கை தாமதமாவது எதுவும் அவர் பிடியில் இல்லை.

அவர் பிடியில் இருப்பவை: குற்றப்பத்திரிகையைப் பார்த்து ஓட்டைகளைச் சொல்வது, ஜாமீனை எதிர்ப்பது, சரியான பிரிவில் குற்றச்சாட்டு வனைய வைப்பது, சாட்சிகளை வரிசைப்படுத்தி வரவழைப்பது, முதல் விசாரணை (தன் தரப்புச் சாட்சியிடம் தானே கேள்வி கேட்பது), பிறழ்ந்த சாட்சியை, அதாவது முன்பு சொன்னதை மாற்றிப் பேசுபவரை, குறுக்கு விசாரணை செய்வது, தேவையற்ற வாய்தாவை எதிர்ப்பது, வாதம், விடுதலைக்குப் பின் மேல்முறையீட்டுக்குக் கருத்துரை தருவது. நீங்கள் சேகரிக்கும் ஒவ்வொரு எண்ணையும் இந்தப் பட்டியலுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். எதனோடும் ஒட்டாத எண் அவரைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் கடமை ஆகாது. ஷிவ் குமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மை தெரிந்தால் அதையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியவர் அவர். நூற்றுக்கு நூறு தண்டனை வாங்கும் ஒருவரைக் கண்டால் மகிழ்வதற்கு முன் தீர்ப்புகளை எடுத்துப் படியுங்கள்.

என்.சி.ஆர்.பி. அறிக்கையை எங்கே பயன்படுத்தலாம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் இந்தியக் குற்ற அறிக்கைதான் பலரும் முதலில் திறப்பது. அதில் மூன்று இடங்களில் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, காலம். 2022-க்கான அறிக்கை 2023 டிசம்பரிலும், 2023-க்கான அறிக்கை 2025 செப்டம்பரிலும் வந்தன. இப்போது பதவியில் இருப்பவரை அளக்க இது உதவாது.

இரண்டு, அளவு. மாவட்ட வாரியாகக் கிடைப்பது பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. நீதிமன்றத்தில் என்ன ஆனது என்ற அட்டவணைகள் மாநிலத்துக்கும் பெருநகரங்களுக்கும்தான் உண்டு. தமிழ்நாட்டில் சென்னையும் கோயம்புத்தூரும் அந்தப் பெருநகரப் பட்டியலில் இருக்கின்றன. திண்டுக்கல்லோ கடலூரோ ஆனால், தண்டனை விவரத்தை மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் உள்ள மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்திடம்தான் கேட்க வேண்டும்.

மூன்று, வகுத்தல். என்.சி.ஆர்.பி. தண்டனை விகிதம் என்பது, தண்டனையில் முடிந்த வழக்குகளை, விசாரணை முடிந்த வழக்குகளால் வகுத்து வருவது. விசாரணை முடிந்தவை என்றால் தண்டனை, விடுவிப்பு (குற்றச்சாட்டு வனையும் முன்பே வழக்கிலிருந்து நீக்குவது), விடுதலை மூன்றும் சேர்ந்தது. சமாதானமாகிப் போனவை, திரும்பப் பெற்றவை, உயர் நீதிமன்றம் ரத்து செய்தவை, குற்றம்சாட்டப்பட்டவர் இறந்ததால் அற்றுப்போனவை வகுக்கும் எண்ணில் சேராது. இது தவிர, ஒரு எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையான ஒன்றின் கீழ் மட்டும் எண்ணுவார்கள். பாலியல் வன்கொடுமையோடு கொலையும் நடந்திருந்தால் அது கொலைக் கணக்கில் போய்விடும்.

இந்த ஆண்டு தண்டனையான வழக்குகள் இந்த ஆண்டு பதிவானவையும் அல்ல. அமர்வு வழக்கு ஒன்று பதிவாகி முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆவது புதிதில்லை. "500 திருட்டு நடந்தது, 60 பேருக்குத்தான் தண்டனை" என்று இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்து எழுதுவது அடிப்படையிலேயே தவறு.

தண்டனை விகிதத்தைப் பிரித்துப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு ஜே.எம். கோர்ட்டில் ஓராண்டில் 640 வழக்குகள் முடிந்தன. அவற்றில் 500 எஸ்.டி.சி., அதாவது சுருக்க விசாரணை வழக்குகள். பொது இடத்தில் தகராறு, மது, சூதாட்டம், போக்குவரத்து விதிமீறல் போன்றவை. காலையில் வந்தார்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், அபராதம் கட்டினார்கள், போனார்கள். மீதி 140 சி.சி., அதாவது சுருக்கமாக முடியாமல் முழு விசாரணைக்கு உரிய வழக்குகள். அவற்றிலும் 60 பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் 80 வழக்கில்தான் சாட்சி ஏறி, குறுக்கு விசாரணை நடந்து, வாதம் நடந்தது. அந்த 80-இல் தண்டனை 24, விடுதலை 56.

எல்லாவற்றையும் கூட்டினால் 640-க்கு 584. தண்டனை விகிதம் 91 சதவீதம். எஸ்.டி.சி.யைக் கழித்தால் 140-க்கு 84, 60 சதவீதம். எதிர்த்து நடந்தவற்றை மட்டும் எடுத்தால் 80-க்கு 24, 30 சதவீதம். மூன்றுமே கணக்காகச் சரி. ஆனால் அரசு வழக்கறிஞரின் உழைப்பு தெரிவது மூன்றாவதில் மட்டும். யாராவது ஒரு தண்டனை விகிதத்தைச் சொன்னால் "எதை எதால் வகுத்தது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணை எடுத்து எழுத வேண்டாம்.

அமர்வு நீதிமன்றத்தில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அங்கே வேறொன்று உண்டு: கொலை வழக்காகத் தொடங்கியது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகச் சுருங்கித் தண்டனை ஆகலாம். பட்டியலில் அதுவும் "தண்டனை"தான். எந்தப் பிரிவில் குற்றச்சாட்டு, எந்தப் பிரிவில் தண்டனை என்று இரண்டு பத்திகள் தனித்தனியே வையுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றங்கள் பழைய எண்ணிலேயே நடக்கும்: கொலை அப்போது 302, இப்போது 103; கொலை முயற்சி 307, இப்போது 109; திருட்டு 379, இப்போது 303. இரண்டையும் ஒரே பெயரில் சேர்க்காவிட்டால் 2024-க்குப் பின் கொலைகள் பாதியானது போலத் தாள் காட்டும்.

நிலுவையைப் பார்க்க என்.ஜே.டி.ஜி.

தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு 2015 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்றம் என்று கீழிறங்கிப் போகலாம். குற்ற வழக்குகள் எத்தனை நிலுவை, எத்தனை ஆண்டு பழையவை, போன மாதம் எத்தனை வந்தன, எத்தனை முடிந்தன என்று காட்டும்.

இது நேரலைப் பலகை. இன்று பார்க்கும் எண் நாளை இருக்காது. போன ஆண்டு ஜூனில் என்ன இருந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வழியில்லை. அதனால் வேலை தொடங்கும் அன்றே ஒரு பழக்கத்தையும் தொடங்குங்கள். மாதத்தின் முதல் தேதியில் உங்கள் மாவட்டப் பக்கத்தைத் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியிட்டுச் சேமியுங்கள். ஆறு மாதம் சேர்ந்தால் ஒரு போக்கு கண்ணில் படும். முடிந்தவற்றை வந்தவற்றால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் தீர்வு விகிதம் வரும். 100-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் நிலுவை ஏறுகிறது என்று பொருள். தேசிய மக்கள் நீதிமன்றம் நடந்த மாதத்தில் இது எகிறும். அது சமாதானத்தில் முடிந்த வழக்குகளின் கூட்டம். அரசு வழக்கறிஞரின் பெருமையாகவும் குறையாகவும் சேர்க்க வேண்டாம்.

இ-கோர்ட்ஸ்: ஒரு வழக்கின் நாட்குறிப்பு

உண்மையான வேலை இங்கேதான். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, வழக்கு வகையை வைத்துத் தேடும் பகுதிக்குப் போங்கள். எஸ்.சி. என்றால் அமர்வு வழக்கு. பட்டியல் சாதி என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்பெஷல் எஸ்.சி. என்பது போக்சோ போன்ற சிறப்பு வழக்கு. பி.ஆர்.சி. என்பது நடுவர் நீதிமன்றத்திலிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட வேண்டிய வழக்கு. அங்கே அது "முடிந்தது" என்று காட்டினாலும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதைத் தீர்வுக் கணக்கில் சேர்ப்பது மிகப் பரவலான தவறு.

ஆண்டைக் கொடுத்து, முடிந்தவை என்று தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அதையே உங்கள் தாளில் முதல் பத்தியாக வையுங்கள். பெயரை வைத்தால் எழுத்துக்கூட்டு மாறி ஒரே வழக்கு இரண்டு முறை ஏறிவிடும். தீர்வின் தன்மை என்ற இடத்தில் எதிர்த்து நடந்ததா, நடக்காததா, தண்டனையா, விடுதலையா என்று இருக்கும். எழுத்தர் அவசரத்தில் தவறாகப் பதிவதும் உண்டு. பத்தில் ஒன்றையாவது தீர்ப்போடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

வழக்குப் பக்கத்தின் அடியில் விசாரணை நாள்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தேதியையும் தொட்டால் அன்று நடந்தது ஓரிரு வரியில் விரியும். பெரும்பாலும் சுருக்க ஆங்கிலம்தான்: "பி.டபிள்யூ.1 பிரசென்ட், சீஃப் எக்ஸாமின்டு, கிராஸ் டிஃபர்டு", "நோ விட்னஸ் பிரசென்ட், இஷ்யூ பிரெஷ் சம்மன்ஸ்", "ஏ.பி.பி. ஆன் லீவ்", "அக்யூஸ்டு ஆப்சென்ட், இஷ்யூ என்.பி.டபிள்யூ." பி.டபிள்யூ. என்பது அரசு தரப்புச் சாட்சி, என்.பி.டபிள்யூ. என்பது பிடிவாரண்ட். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு காரணக் குறி கொடுங்கள்: சாட்சி வரவில்லை, குற்றம்சாட்டப்பட்டவர் வரவில்லை, எதிர்தரப்பு கேட்டது, அரசு தரப்பு கேட்டது, நீதிபதி இல்லை, மற்றவை. ஆறு போதும். பதினைந்து வகை வைத்தால் நூறாவது வழக்கில் நீங்களே குழம்பிப்போவீர்கள்.

இதில் கவனித்துப் பார்க்க வேண்டியது "கிராஸ் டிஃபர்டு" என்ற வரி. சாட்சி முதல் விசாரணையில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறார். குறுக்கு விசாரணை சில மாதம் தள்ளிப்போகிறது. இடையில் யாரோ அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுகிறார்கள். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மறுக்கிறார். வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் குறுக்கு விசாரணை ஒரு வருடம் எட்டு மாதம் கழித்து நடந்ததை உச்ச நீதிமன்றம் 2015-இல் கடுமையாகக் கண்டித்தது. உங்கள் தாளில் முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் இடையிலான நாள்களை ஒரு பத்தியாகச் சேருங்கள். அந்த இடைவெளிக்கு அரசு தரப்பு எதிர்ப்புத் தெரிவித்ததா என்று பாருங்கள். தண்டனை விகிதத்தைவிட ஒரு அரசு வழக்கறிஞரைப் பற்றி இந்த ஒரு பத்தி அதிகம் சொல்லும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

போக்சோ வழக்குகளின் உத்தரவுகள் பெரும்பாலும் பொதுப் பார்வைக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் உங்கள் தாளில் எழுதி வைக்காதீர்கள்.

முப்பது தீர்ப்புகள் படிக்காமல் முடிவு சொல்லாதீர்கள்

எதிர்த்து நடந்து விடுதலையில் முடிந்த வழக்குகளிலிருந்து குறைந்தது 30 தீர்ப்புகளை எடுங்கள். பேசப்பட்ட வழக்குகளாகப் பொறுக்காதீர்கள். பட்டியலில் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று எடுங்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்புகளில் பல தமிழில்தான் இருக்கும். அ.சா. என்றால் அரசு தரப்புச் சாட்சி, அ.சா.ஆ. என்றால் அரசு தரப்புச் சான்றாவணம், சா.பொ. என்றால் சான்றுப் பொருள். முதல் பக்கத்தில் யார் ஆஜரானார் என்ற விவரமும், கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் பட்டியலும் இருக்கும். முதலில் கடைசிப் பக்கம். குற்றப்பத்திரிகையில் 18 சாட்சிகள், விசாரிக்கப்பட்டது 6 என்றால் மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று தீர்ப்பில் தேடுங்கள்.

பிறகு விடுதலைக்கான காரணத்தைக் குறியுங்கள். "அ.சா.1 முதல் அ.சா.4 வரை பிறழ் சாட்சிகளாகக் கருதப்பட்டனர்" என்ற வரி திரும்பத் திரும்ப வரும். அங்கேயே நின்றுவிட்டால் பழி சாட்சி மேல் போய்விடும். அடுத்த வரியைப் படியுங்கள். பிறழ்ந்த சாட்சியை அரசு வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதி பெற்றுக் குறுக்கு விசாரணை செய்தாரா? போலீஸிடம் முன்பு சொன்னதை, வாக்கியத்தைச் சுட்டிக்காட்டி அவர் முன் வைத்தாரா? பிறகு புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறியபோது, "இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?" என்று கேட்டு அந்த முரணை நிரூபித்தாரா? புலனாய்வு அதிகாரியிடம் இது கேட்கப்படாவிட்டால், சாட்சியிடம் அந்த வாக்கியத்தைச் சுட்டிக்காட்டியதற்குச் சட்டப்படி மதிப்பு இல்லை. இதைச் செய்யத் தவறியது போலீஸும் அல்ல, சாட்சியும் அல்ல. நடுவர் முன்பு வாக்குமூலம் கொடுத்த சாட்சி என்றால் அந்த வாக்குமூலம் பயன்படுத்தப்பட்டதா என்றும் பாருங்கள்.

மற்றக் காரணங்கள் வேறு மேசைகளுக்குப் போகும். எஃப்.ஐ.ஆர். நீதிமன்றத்துக்கு ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்தது, மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்வையிட்டதையோ பொருளைக் கைப்பற்றியதையோ எழுதும் பதிவு) சாட்சிகள் வெறும் கையெழுத்துப் போட்டவர்கள், அடையாள அணிவகுப்பு நடத்தவில்லை என்பவை காவல் துறை. ஆய்வறிக்கை வராமல் வழக்கு முடிந்தால், அதைக் கேட்டு அரசு தரப்பு மனு போட்டதா என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள். புலனாய்வு அதிகாரியே விசாரிக்கப்படவில்லை என்று இருந்தால் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு. 30 தீர்ப்பு முடிந்ததும் மூன்று கூட்டுத்தொகை கிடைக்கும்: புலனாய்வுக் குறை, அரசு தரப்பு நடத்திய விதத்தில் குறை, இருவர் கையிலும் இல்லாதது. உங்கள் கட்டுரையின் மையம் இந்த மூன்று எண்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. போக்சோவில் பதினாறு, பதினேழு வயதுப் பெண் விரும்பிப் போன வழக்குகள் கணிசமாக வருகின்றன. புகார் கொடுத்தவர் தந்தை. பெண் கூண்டில் எதிராகப் பேச மாட்டாள். இவற்றைச் சிறு குழந்தைகள் மீதான வன்கொடுமை வழக்குகளோடு ஒரே கூடையில் போட்டு விகிதம் கணக்கிட்டால், யாருக்கும் நியாயம் செய்ததாக ஆகாது.

தகவல் உரிமை மனுவில் என்ன கேட்பது

ஏ.பி.பி.க்கள் பற்றியது என்றால் குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞர்கள் பற்றியது என்றால் ஆட்சியர் அலுவலகத்துக்கும் உள்துறைக்கும். தவறான இடத்துக்குப் போனால் அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தீர்ப்பு நகல், சாட்சியப் பிரதி போன்ற நீதிமன்ற ஆவணங்களை இந்த வழியில் கேட்க வேண்டாம்; அவற்றுக்கு நீதிமன்றத்தில் நகல் மனுதான்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விக்குப் பதில் வராது. இருக்கும் ஆவணத்தை, தேதி வரம்போடு கேளுங்கள். மாதிரிக்கு:

"01.01.2023 முதல் 31.12.2023 வரை இம்மாவட்ட அமர்வு நீதிமன்றங்களில் விடுதலையில் முடிந்த வழக்குகளின் எண்ணிக்கை. அவற்றில் மேல்முறையீடு குறித்து அரசு வழக்கறிஞர் கருத்துரை அளித்தவை எத்தனை. மேல்முறையீடு செய்யலாம் எனக் கருத்துரைத்தவை எத்தனை. அரசால் மேல்முறையீடு தாக்கல் செய்யப்பட்டவை எத்தனை."

இதோடு, அனுமதிக்கப்பட்ட ஏ.பி.பி. பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, ஒருவர் எத்தனை நீதிமன்றங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார் என்பதையும் கேளுங்கள். இரண்டு ஊர் கோர்ட்டுக்கு ஒரே ஏ.பி.பி. என்றால் வாய்தா எண்ணிக்கையைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

இரண்டு ஆவணங்களைப் பலரும் கேட்பதே இல்லை. குஜராத் அரசு எதிர் கிஷன்பாய் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு விடுதலையையும் காவல் துறை, வழக்குத் தொடர்வுத் துறை உயர் அலுவலர்கள் கொண்ட குழு ஆராய்ந்து, தவறு யாருடையது என்று பதிவு செய்ய வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. உங்கள் மாவட்டத்துக்கு அந்தக் குழு எத்தனை முறை கூடியது, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு என்ன என்று கேளுங்கள். அடுத்தது, 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் விதி 4. சிறப்பு அரசு வழக்கறிஞர்களின் செயல்பாட்டை ஆட்சியரும் வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநரும் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், ஆய்வு செய்து அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அரசு வழக்கறிஞரை அளக்க அரசே வைத்திருக்கும் அளவுகோல் அது. அறிக்கை இருந்தால் உங்களுக்கு ஆதாரம். "அப்படி ஆவணம் இல்லை" என்று கையெழுத்திட்டுப் பதில் வந்தால் அதுவே பெரிய செய்தி.

சின்ன எண்களிடம் ஏமாறாதீர்கள்

ஒரு கூடுதல் அமர்வு நீதிமன்றத்தில் ஓராண்டில் எதிர்த்து நடந்து முடிந்தவை 25 என்று வைத்துக்கொள்வோம். போன ஆண்டு 10 தண்டனை, இந்த ஆண்டு 13. "40 சதவீதத்திலிருந்து 52-க்கு உயர்வு" என்று எழுதக் கை துறுதுறுக்கும். வெறும் மூன்று வழக்கு அது. மனக்கணக்காக ஒரு விதி: 100-ஐ வழக்கு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது தோராயமான பிழை எல்லை. 25 வழக்கென்றால் மேலும் கீழும் 20 புள்ளி. 100 என்றால் 10. 400 என்றால் 5. அதற்குள் ஆடும் ஏற்ற இறக்கத்துக்கு யாரையும் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். மூன்று ஆண்டுகளைச் சேர்த்து எடுங்கள். ஒப்பிடுவதானால் அதே நீதிமன்றத்தின் முந்தைய மூன்றாண்டுகளோடு, அல்லது பக்கத்து மாவட்டத்தில் அதே வகை நீதிமன்றத்தோடு, அதே வகைக் குற்றத்தில் ஒப்பிடுங்கள். மகளிர் நீதிமன்றத்தை ஜே.எம். கோர்ட்டோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

தண்டனை வாங்கிய வழக்குகளும் மேலே போய் நிற்கின்றனவா என்று பாருங்கள். மதுரை, திருச்சி, தஞ்சாவூர் உள்ளிட்ட தென்மாவட்டங்களின் அமர்வு நீதிமன்றத் தீர்ப்புகள் மீதான மேல்முறையீடுகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும், வடமாவட்டங்களுடையவை சென்னைக்கு. நான்கைந்து ஆண்டு பழைய தண்டனைகளைத் தேர்ந்தெடுத்துத் தேடினால்தான் முடிவு கிடைக்கும். புதியவை இன்னும் நிலுவையில் இருக்கும்.

அரசு கொள்கை முடிவாகத் திரும்பப் பெறும் போராட்ட வழக்குகளைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். மனுவில் கையெழுத்திடுபவர் அரசு வழக்கறிஞர்தான். சட்டப்படி அவர் தன் மனத்தைச் செலுத்தியே அதைச் செய்ய வேண்டும். ஆனாலும் அந்த எண்ணிக்கை அவரது திறமையைக் காட்டாது.

வெளியிடும் முன்

எக்செல் தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் சி.என்.ஆர். எண் வரை பின்னோக்கிப் போக முடிய வேண்டும். 30 தீர்ப்புகளையும் இன்னொருவரிடம் கொடுத்து, உங்கள் குறிகளைக் காட்டாமல் அவரையும் குறிக்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் முரண் வந்தால் குறிகளின் விளக்கம் தெளிவாக இல்லை. திருத்தி மறுபடி குறியுங்கள். நிலுவையில் உள்ள வழக்கில் யார் குற்றவாளி என்பது போல எழுதாதீர்கள்.

கடைசியாக, அட்டவணையையும் நீங்கள் எண்ணிய முறையையும் அந்த அரசு வழக்கறிஞருக்கே எழுத்தில் அனுப்பிப் பத்து நாள் அவகாசம் கொடுங்கள். எந்த வழக்கில் எந்தத் தேதியில் என்ன என்று வரி வரியாகக் காட்டி அனுப்பினால் பதிலும் வரி வரியாக வரும். "அந்த நாலு மாசம் நான் மருத்துவ விடுப்பு, வழக்கை நடத்தினது பொறுப்பு ஏ.பி.பி." என்றோ, "சம்மன் சார்வு செய்யச் சொல்லி மூன்று முறை எழுதியிருக்கிறேன், இதோ நகல்" என்றோ பதில் வரலாம். நகல் கையில் வந்தால் தாளைத் திருத்துங்கள். வராத பதிலையும், அனுப்பிய தேதியோடு குறிப்பிட்டு வெளியிடுங்கள்.